பேரனுக்குக் கொடுத்த ப்ரெட்னிசோலோன்: ஒரு பாட்டியின் மதிப்பீடு

மருந்துக்குக்கூட யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று என் மகள் கேட்டாள். மிக்ஸிக்கும் குக்கருக்கும் எழுதுகிறோம். வாங்குவதற்கு முன்னால் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறோம். என் பேரனுக்கு வந்த வலிப்புக்கு ப்ரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன ராத்திரி, இதைக் கொடுத்துப் பார்த்த ஒரு தாயோ பாட்டியோ தமிழில் எழுதியது ஏதாவது இருக்குமா என்று வார்டுக்கு வெளியே உட்கார்ந்து போனில் தேடினோம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அங்கன்வாடி பணியாளர். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், ரெட்டிச்சாவடிக்குப் பக்கத்துக் கிராமம். ஊரில் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தொட்டில் தராசில் குழந்தைகளைப் போட்டு எடை பார்த்தவள். எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் கழுத்து நிற்க வேண்டும், எப்போது குப்புற விழ வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் சொந்தப் பேரன் விஷயத்தில் இருபது நாளை வீணாக்கினேன்.

அவன் பிறந்தது 2023 ஆகஸ்ட் கடைசியில். ஐந்து மாதம் முடிகிற சமயம், தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரித்துத் தலையை முன்னால் ஒரு வெட்டு வெட்டுவான். கண் மேலே போய் இறங்கும். ஒரு நொடிதான். நாலைந்து நொடி கழித்து மறுபடி அதே மாதிரி. பத்து, பதினைந்து தடவை அடுக்கடுக்காக வரும். முடிந்ததும் வீறிட்டு அழுவான். வாயில் நுரை இல்லை, உடம்பு விறைக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. வலிப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

உரம் விழுந்திருக்கு என்று முதலில் சொன்னது நான்தான். பக்கத்து ஊரில் உரம் எடுக்கிற அம்மாவை வரவழைத்துப் புடவையில் போட்டு உருட்டினோம். உரை மருந்து இழைத்துக் கொடுத்தோம். பிறகு கடலூரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அங்கே இருந்த நேரத்தில் அவனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நாங்கள் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு வயிற்றில் கேஸ் என்று சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். அதையும் ஒரு வாரம் கொடுத்தோம். அந்த வாரத்தில்தான் அவன் முகம் பார்த்துச் சிரிப்பது நின்றது. தலைமாட்டில் நின்று கூப்பிட்டால் வாயைத் திறந்துகொண்டு சிரிக்கிற பிள்ளை, நம்மைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தவர், நான் சொல்லிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், அடுத்த வாட்டி வரும்போது போன்ல எடுங்க. எடுத்துட்டு நேரா பாண்டிக்குப் போங்க, இங்க யார்கிட்டயும் காட்டிட்டு நிக்காதீங்க” என்றார். அன்று சாயங்காலமே மகள் எடுத்தாள். ஒரு நிமிடம் நாற்பது நொடி. எங்களுக்கு வழி திறந்தது அந்த வீடியோவால்தான்.

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் எழுதப்போவதில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். காலை ஆறரை பஸ்ஸில் போய்ச் சீட்டு வாங்கி, டாக்டர் முன்னால் உட்காரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு மறைவாக ஓர் இடம் அங்கே கிடையாது. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு கொடுத்தாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஒரு திரைச்சீலையும் நாலு நாற்காலியும் போதும்.

ஆனால் உள்ளே போன பிறகு நடந்ததற்கு என்ன மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன். சின்ன வயது டாக்டரம்மா. வீடியோவை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை விரல் விட்டு எண்ணினார். “எத்தனை நாளா இருக்கும்மா?” என்றார். இருபது நாள் என்றேன். திட்டவில்லை. “இன்னிக்கே அட்மிட் பண்ணிடலாம்” என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

இது இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வகை வலிப்பு, வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள் என்று விளக்கினார். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும், தூங்கி எழும்போது கூட்டமாக வரும். பார்ப்பதற்குச் சின்ன உதறலாகத் தெரியும், ஆனால் உள்ளே மூளையின் வளர்ச்சியையே நிறுத்தி வைத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்றார்.

வெஸ்ட் என்பது யார் என்று மகள் பிறகு படித்துச் சொன்னாள். இங்கிலாந்து டாக்டர். 1841-இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், தன் சொந்த மகனைப் பற்றி. பிள்ளை தலையை முழங்காலை நோக்கிக் குனிந்து குனிந்து நிமிர்வதை எழுதி, அட்டைப் பூச்சி விட்டுப் பார்த்தேன், தலைக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தேன், பேதிக்குக் கொடுத்தேன், ஈறைக்கூடக் கீறிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை, இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பெற்ற தகப்பன், படித்த டாக்டர். அவர் ஈறைக் கீறினார், நான் புடவையில் உருட்டினேன். அதைக் கேட்ட ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பிள்ளைக்குக் கொடுக்க அன்றைக்கு மருந்தே இல்லை. ஏ.சி.டி.எச். என்கிற ஹார்மோன் ஊசி இதற்குக் கேட்கிறது என்று பெல்ஜியத்தில் கண்டு எழுதியது 1958-இல்தான்.

மறுநாள் ஈ.ஈ.ஜி., தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் படம் எடுப்பது. முதல் நாள் தலைக்குக் குளிக்க ஊற்றி, எண்ணெய் ஒரு சொட்டும் வைக்காமல் கூட்டி வரச் சொன்னார்கள். எண்ணெய் இருந்தால் கம்பி ஒட்டாதாம். குழந்தை தூங்க வேண்டும், அதுவும் மருந்தில்லாமல் தூங்கினால் நல்லது என்பதால் காலை நாலு மணியிலிருந்து அவனைத் தூங்கவிடாமல் வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தப் படத்தில் தெரிவதற்கு ஹிப்சாரித்மியா என்று பெயர். கோடுகள் ஒன்றோடொன்று சேராமல், உயர உயரமாக, கண்டபடி எழும்பி விழுந்தன. அந்தப் பெயரை வைத்தது கிப்ஸ் என்கிற தம்பதி, 1952-இல், என்று மகள் சொன்னாள்.

ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் ரத்தம், சிறுநீர், சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். உடம்பில் நோய்க்கிருமி ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதற்குக் கதவைத் திறந்துவிட்டுவிடும். இருட்டு அறையில் ஒரு நீல விளக்கை அடித்து உடம்பு முழுக்க வெள்ளைத் தேமல் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அப்படி இருந்தால் டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்கிற வேறு நோய் காரணம், அதற்கு முதலில் கொடுப்பது விகாபாட்ரின் என்கிற வலிப்பு மருந்து. இவனுக்கு அது இல்லை.

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. பிறந்த இரண்டு மூன்று நாளில் சர்க்கரை மிகவும் இறங்கியதால் மூளையின் பின்பக்கம் பாதிப்பு. பார்வைக்கான இடமும் அங்கேதான். அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. மகளுக்குப் பால் இறங்கவில்லை. பிள்ளை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தான். பார்க்க வந்தவர்களிடம், எவ்வளவு சமத்து பாருங்கள் என்று நானே சொன்னேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், இரண்டு மூன்று மணிக்கொரு தரம் எழுப்பிக் கொடுங்கள் என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய் இது. தூங்குகிற பச்சைப் பிள்ளையை எழுப்ப மனசு வராதவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எழுப்பிவிடுங்கள்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று ஏ.சி.டி.எச். ஊசி. தொடையில் போடுவது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. இன்னொன்று ப்ரெட்னிசோலோன், வாய் வழியாக. ஊசி உடம்புக்குள் போய், உடம்பையே ஸ்டீராய்டு சுரக்க வைக்கிறது. மாத்திரையோ அந்த ஸ்டீராய்டின் வேலையை நேராகச் செய்கிறது. விலை மலிவானது மட்டமாக இருக்குமோ என்பது என் முதல் சந்தேகம். அதைக் கேட்டும் விட்டேன். அவர் சொன்னதையும் மகள் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 107 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு வகை மருந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குப் பதினான்காம் நாளுக்குள் ஸ்பாசம் நின்றிருக்கிறது. விகாபாட்ரின் கொடுத்தவர்களில் 54 பேருக்கு. அந்த ஸ்டீராய்டு கூட்டத்தில் மாத்திரைக்காரர்களுக்கும் ஊசிக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இலங்கையில் 97 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் மாத்திரை ஊசியைவிட நன்றாகவே கேட்டிருக்கிறது. டெல்லியில் பார்த்தது அளவைப் பற்றி. எடையில் கிலோவுக்கு 4 மி.கி. கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நின்றது, 2 மி.கி. கொடுத்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற கடைக் கதைக்கு வேண்டும். என் பேரனுக்குக் கொடுத்த அளவை மட்டும் எழுதமாட்டேன். உங்கள் பிள்ளையின் எடையும் காரணமும் வேறு, அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என் மாப்பிள்ளைக்கு ஸ்டீராய்டு என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. “அத்தை, ஜிம்முல போடுறதா? கிட்னி போயிடும்னு சொல்றாங்களே” என்று கையெழுத்துப் போடாமல் நின்றார். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, ஜிம் ஸ்டீராய்டு வேறு, இது வேறு, இதற்கும் பக்க விளைவு உண்டு, அது எது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறைக்காததால்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

கையாள்வதைச் சொல்கிறேன். வார்டில் கொடுத்தது தண்ணீரில் கரைகிற மாத்திரை. கசப்பு. சாதாரணக் கசப்பு இல்லை, நாக்கை விட்டுப் போகாத கசப்பு. நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். நம் வீட்டில் மருந்தென்றால் பாலாடைதான். நானும் பாலாடையில் கரைத்தேன். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டுப் பாலாடையைச் சாய்த்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக மாவு தங்கியிருந்தது. “இவ்வளவு மருந்து பாத்திரத்துக்குத்தான் போச்சு ஆயா” என்றார். அதன் பிறகு சிரிஞ்சு. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி, நாக்கின் மேல் விடாமல் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிறகு அதே சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து அலசி அதையும் கொடுக்க வேண்டும். பால் குடித்த பிறகுதான், வெறும் வயிற்றில் கூடாது. கசப்புக்குத் தேன் தடவலாமா என்று கேட்டேன். ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உரை மருந்து, வசம்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

அந்த சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாள்தான் இந்தச் சிகிச்சையில் எனக்குப் பிடித்த பகுதி. கோடு போட்ட நோட்டுத் தாள். தமிழில், பெரிய எழுத்தில். தேதி, எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, கொடுத்தால் டிக், ஸ்பாசம் எத்தனை. முதல் இரண்டு வாரம் முழு அளவு, பிறகு சில நாளுக்கு ஒருமுறை படி இறங்குவது போலக் குறைத்துக் கடைசியில் நிறுத்துவது. தாளின் அடியில் சிவப்பு மையில்: “நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.” வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் குழந்தை தளர்ந்துபோய் ஆபத்தாகிவிடும் என்று விளக்கினார். காய்ச்சல், வாந்தி என்று எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் பிள்ளை ஸ்டீராய்டு எடுக்கிறான், அல்லது சமீபத்தில் எடுத்தான் என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொன்னார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் தாளில் ஸ்பாசம் நாலு அடுக்கு. இரண்டாம் நாளும் நாலு. மூன்றாம் நாள் மூன்று. நாலாம் நாள் இரண்டு. ஐந்தாம் நாள் ஒன்று. ஆறாம் நாள் காலை எழுந்ததும் மகளும் நானும் அவன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொட்டாவி விட்டான். கையை முறுக்கினான். அவ்வளவுதான். அன்று கட்டத்தில் சைபர் போட மகளுக்குக் கை வரவில்லை, சாயங்காலம் தூங்கி எழுந்த பிறகு போடலாம் என்றாள். சாயங்காலமும் வரவில்லை. போட்டோம்.

அந்த வாரத்தில்தான் கடைக் கதை. மாத்திரையின் கசப்பைப் பார்த்து டாக்டரிடம் சிரப்பாகக் கேட்டோம், எழுதிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது கடலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தார். ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைப் படித்தேன். 5 மி.லி.யில் 5 மி.கி. என்று இருந்தது. சீட்டில் எழுதியிருந்தது 5 மி.லி.யில் 15 மி.கி. இருக்கிற சிரப். கடையில் கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதாங்க, அது ஸ்டாக் இல்ல” என்றார்களாம். இரண்டும் ஒன்றில்லை. சீட்டில் சொன்ன மி.லி. கணக்குக்கு அதைக் கொடுத்திருந்தால் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் போயிருக்கும். மாற்றி நடந்தால் மூன்று மடங்கு போயிருக்கும். ஸ்பாசம் நின்று இரண்டே நாள் ஆன நேரம். என் கை நடுங்கியது. வார்டுக்குப் போன் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு சிஸ்டர் எடுத்து, பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, டாக்டரிடம் கேட்டு, “சிரப் வேணாம், மீதி இருக்கற மாத்திரையையே கொடுங்க” என்றார். அதோடு கடைசி வரை மாத்திரைதான். கசப்புக்கு அழுதாலும், ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. என்று அட்டையிலேயே இருக்கிறது, குழப்பம் வராது. சிரப்தான் வேண்டும் என்றால் பாட்டிலில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதைக் கடையிலேயே, கவுன்டரில் நின்றபடி, சீட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

இனி பக்க விளைவு. பசிதான் முதலில். முன்பு மூன்று மணிக்கொருமுறை குடித்தவன் ஒன்றரை மணிக்கொருமுறை கேட்டான். மகள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அடுத்தது எரிச்சல். எதற்கு அழுகிறான் என்றே தெரியாமல் ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று வரை அழுவான். தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். இரண்டாவது வாரம் ஒரு விடியற்காலை மகள், “அம்மா, இந்த மருந்தை நிறுத்திடலாமா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, சுவரில் ஒட்டியிருந்த தாளை மட்டும் காட்டினேன். கடைசி ஐந்து கட்டத்திலும் சைபர். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

முகம் உருண்டையாகிவிட்டது. கன்னம் இரண்டும் தொங்கின. அட்மிட் ஆனபோது 6.7 கிலோ, மார்ச் கடைசியில் 7.9. என் தராசில் ஒரு மாதத்தில் இப்படி ஏறிய பிள்ளையைப் பார்த்திருந்தால் ஒரு காலத்தில் கை தட்டியிருப்பேன். தெருவில் எல்லோரும், “நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டான்” என்றார்கள். அது மருந்தின் வீக்கம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியவில்லை. குறைக்க ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று மாதத்தில் பழைய முகம் திரும்பிவிட்டது, பயப்பட வேண்டாம்.

ரத்த அழுத்தம் வாரம் இரண்டு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் நாங்கள் போன இடத்தில் கைக்குழந்தைக்கான சின்னப் பட்டை இல்லை. பெரியவர்கள் பட்டையை அந்தக் கையில் சுற்றினால் அளவு தப்பாக வரும் என்று வார்டில் முன்பே சொல்லியிருந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் புதுச்சேரிக்கே போனோம். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகிற பஸ்ஸில் அந்தக் கனத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நடை. இரண்டு நிமிட வேலைக்கு அரை நாள். ஸ்டீராய்டு எடுக்கிற குழந்தை ஒன்று ஊரில் இருந்தால் அந்தச் சின்னப் பட்டை அதற்கு மருந்து மாதிரியே அவசியம். பக்கத்திலேயே இருக்க வேண்டியது. சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பட்டையை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அது சுலபம், நிறம் மாறினால் போன் செய்ய வேண்டும். ஒரு தடவையும் மாறவில்லை.

நோய் தொற்றாமல் காப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கிராமத்தில் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களை வாசலில் நிறுத்துவது லேசான காரியமில்லை. மார்ச்சில் எதிர் வரிசையில் ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியிருந்தார்கள், அம்மை. அந்த வீட்டுப் பிள்ளையும் என் மூத்த பேத்தியும் சேர்ந்து விளையாடுகிறவர்கள். உடனே வார்டுக்குப் போன் செய்தேன். கைக்குழந்தை பக்கத்தில் போனானா, ஒரே அறையில் இருந்தானா, பேத்திக்கு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அம்மை பட்டிருந்தால் மறைக்காமல் அன்றே கொண்டு வர வேண்டும், ஸ்டீராய்டில் இருக்கிற பிள்ளைக்கு அது சாதாரண அம்மையாக இருக்காது என்றார்கள். பேத்தியைப் பதினைந்து நாளுக்கு மேல் அவள் அப்பாவின் ஊரில் விட்டு வைத்தோம்.

அதே மாதம் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து முகாம். எத்தனை வருடம் அந்த நீலப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன், வராத வீட்டுக்கு நடந்து போய் வாயைத் திறக்க வைத்துப் போட்டிருக்கிறேன், விரலில் மை வைத்திருக்கிறேன். அன்று என் பேரனை நான் அழைத்துப் போகவில்லை. அந்தச் சொட்டில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள கிருமி. அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும்போது உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் கூடாது, நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கிருமி மலத்தில் வெளியேறும் என்பதால் அக்காவுக்கும் அப்போது வேண்டாம் என்றார். முகாமில் இருந்த பெண் என்னிடம் பயிற்சி எடுத்தவள். “டீச்சர், நீங்களே கூட்டிட்டு வரலையா?” என்று கேட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அது கையில் இல்லாவிட்டால் ஊர் முழுக்கத் தப்பான செய்தி போயிருக்கும். ஒன்பது மாதத்து எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியை ஜூனில் கேட்டுக்கொண்டு போட்டோம். போலியோவும் பிறகு போட்டாயிற்று. தள்ளிப் போடுவது மட்டும்தான், விட்டுவிடக் கூடாது.

பதினான்காம் நாள் எடுத்த ஈ.ஈ.ஜி.யில் அந்தக் கண்டபடி எழும்பும் கோடுகள் அடங்கியிருந்தன. டாக்டரம்மா பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஸ்பாசம் நின்றால் மட்டும் போதாது, இதுவும் அடங்க வேண்டும் என்றார். மார்ச் மூன்றாம் வாரத்தில் மருந்து முடிந்தது. ஏப்ரலில் ஒரு நாள் தாழ்வாரத்தில் எவர்சில்வர் டம்ளரைக் கழுவி வைத்த சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். அதற்கு இரண்டு நாள் கழித்துச் சிரித்தான்.

முழுவதும் நல்ல செய்தி இல்லை. ஜூலையில் இரண்டு நாள் சின்னச் சின்னத் தலையாட்டம் தெரிந்தது. இந்தத் தடவை இருபது நாள் காத்திருக்கவில்லை, இருபது மணி நேரம்கூட ஆகவில்லை, வீடியோவோடு போய்விட்டோம். திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். விகாபாட்ரின் ஆரம்பித்தார்கள், நின்றது. அது பார்வையின் ஓரத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் கண் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. ஆறு மாதம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இவனுக்கு ஏற்கனவே பார்வை மங்கல். சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று இருந்தால் பார்க்கிறான்.

இப்போது ஒன்றரை வயது. பிடித்துக்கொண்டால் உட்காருகிறான், நிற்கவில்லை. ஆயா என்று இன்னும் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஸ்டீராய்டு வலிப்பை நிறுத்தியது, பிறந்த மூன்றாம் நாள் நடந்ததை அது மாற்ற முடியாது. இந்த மருந்தை நட்சத்திரம் போட்டு மதிப்பிடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். ஒரு நட்சத்திரம் அந்த ராத்திரிகளுக்காகக் குறைக்கிறேன். எழுதிக் கொடுத்த தாளுக்கும் ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுத்த சிஸ்டருக்கும் ஐந்துக்கு ஐந்து. ஓ.பி. காத்திருப்புக்கு இரண்டு. சிரப் பாட்டிலைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்கு ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண், யாரோ என் நம்பரைக் கொடுத்ததாகச் சொல்லி, தன் பிள்ளையின் வீடியோவை அனுப்பினாள். நான் டாக்டர் இல்லை, எனக்கு இதில் சொல்ல அருகதையும் இல்லை. ஆனால் பார்த்தேன், எண்ணினேன், ஒன்பது. நாளைக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, சீட்டு எந்த ஜன்னலில், மதியம் வரை பிள்ளைக்கும் தாய்க்கும் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறுநாளே போய்ச் சேர்த்துவிட்டாள். அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், மாத்திரைக் கணக்கை மறைத்து, கட்டங்களை மட்டும்.

எங்களுக்கு வரும் வியாழக்கிழமை அடுத்த ஈ.ஈ.ஜி. புதன்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு எண்ணெய் வைக்காமல் விட வேண்டும்.